ஒரே வினாடியில் விழுந்த நாலு அடி

அந்தம்மாவை போன் விளையாட்டுக் கூட்டணியில எல்லாரும் காலக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உடைஞ்சது அவங்க வீட்டுக்காரரோட கால்.

அவரு குடோன்ல மூட்டை ஏத்தி இறக்குற தொழிலாளி. ஒரு நாள் அடுக்கு சரிஞ்சு மூட்டை பாதத்துல விழுந்துச்சு. ரெண்டு மாசம் மாவுக்கட்டு. முதலாளி ஒரு தட்டுப் பழம் அனுப்பி வச்சாரு, அதோட தன் கடமை தீந்துச்சுன்னு இருந்துட்டாரு. மல்லாக்கப் படுத்து ஃபேன் சுத்துறதைப் பாத்துப் பாத்து அலுத்துப்போன மனுஷன், போன்ல ஒரு சண்டை விளையாட்டை எறக்குனாரு. உங்க பேரு என்னன்னு அது கேட்டுச்சு. "உடைஞ்சகால்"னு அடிச்சாரு. அந்தப் பேரு அப்படியே நின்னுபோச்சு.

சண்டை விளையாட்டுன்னா டப்பு டப்புன்னு சுடுறது இல்ல. பொறுமையா, மாசக்கணக்குல ஆடுறது. ஒரு பெரிய மேப்பு இருக்கும். அதுல ஆளுக்கு ஒரு சின்ன ஊரு குடுப்பாங்க. வயல் போடணும், கிடங்கு கட்டணும், மதில் எழுப்பணும், படை திரட்டணும். அப்புறம் அடுத்தவன் ஊரைப் பிடிக்கணும். கெளம்புன படை போய்ச் சேர மணிக்கணக்கா ஆகும். அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க ஒண்ணு சேந்து கூட்டணி வச்சுப்பாங்க. தனியா நின்னா பிழைக்க முடியாது. வெளியிலயும் அப்படித்தான், அது வேற கதை.

மாத்திரை போட்டா அவருக்குத் தூக்கம் சொக்கும். "ஏம்மா, எவனோ படையோட வர்றான், இதைக் கொஞ்சம் பாத்துக்கோ"ன்னு போனை நீட்டிட்டு குறட்டை விட ஆரம்பிச்சிருவாரு. அந்தம்மா முதல்ல நல்லாத் திட்டுனாங்க. "இருக்குற வீட்டு வேலையே முடிஞ்சபாடில்ல, இதுல இல்லாத ஊரு வேலை வேறயா." ஆனா திட்டிக்கிட்டே மதிலை உசத்துனாங்க. வந்தவன் மண்ணைக் கவ்விட்டுப் போனான். மறுநாள் மாத்திரை வேளைக்கு அவங்களே போனுக்குக் கை நீட்டுனாங்க.

மாவுக்கட்டு பிரிச்சு, கால் சரியாகி, அவரு வேலைக்குப் போயாச்சு. விளையாட்டு மட்டும் வீட்டுல தங்கிருச்சு. விளையாட்டுல கணக்கு ஒண்ணு, போன் ரெண்டு, ஆடுறது ரெண்டு பேரு. ஒரு கணக்குக்கு ஒரு ஆளுதான்னு விளையாட்டோட சட்டம் சொல்லுது. புருஷன் பொண்டாட்டி என்ன ரெண்டு ஆளா, ஒரு ஆளுதானேன்னு அந்தம்மா அதைத் தாண்டிப் போயிட்டாங்க. அந்த இடத்தை மனசுல வச்சுக்குங்க. பின்னாடி அங்கதான் வழுக்கும்.

காலக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரி லாண்டரியில. துவைச்சு வர்ற படுக்கை விரிப்பை எல்லாம் இஸ்திரி ரோலர்ல குடுக்குற வேலை. ரோலர்னா ஒரு ஆள் நீளத்துக்குச் சூடான உருளை. விரிப்போட ரெண்டு மூலையை ஒருத்தி, மறு ரெண்டு மூலையை இன்னொருத்தின்னு பிடிச்சு, ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள விடணும். ஒருத்தி கை கொஞ்சம் பிந்துனாலும் விரிப்பு கோணிக்கிட்டுப் போய் மடிப்பு விழுந்துரும். ஜோடிக்காரியும் இவங்களும் அந்த உருளை முன்னாடி நின்னு பேசாத கதை கிடையாது. ஆனா பேச்சு எங்க போனாலும் நாலு கையும் ஒண்ணாத்தான் விடும்.

மதியம் கெளம்புனா ராத்திரிதான் வருவாங்க. வீட்டுக்காரருக்கு வேலை விடியக்காலம் ஆரம்பிச்சு சாயங்காலத்துக்கு முன்னாடி முடியும். அவரு வரும்போது இவங்க இல்ல, இவங்க வரும்போது அவரு தூக்கம். இவங்க எந்திரிக்கிறப்ப அவரு கெளம்பியாச்சு. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு ரெண்டு வேற ஊர்ல குடியிருக்கிற மாதிரி ஒரு குடித்தனம். மகளைக் கட்டிக் குடுத்தாச்சு, நடுவுல சேதி கொண்டுபோக ஆள் இல்ல. போன்ல கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் வேலை இடத்துல திட்டு விழும்.

வீட்டுக்காரர்தான் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. விளையாட்டுல நம்ம ஊருக்கு எப்ப வேணா பேரு மாத்திக்கலாம். ஒரு நாள் காலக்கா லாண்டரியில டீ நேரத்துல போனைத் தெறந்தா, அவங்க மூணாவது ஊரோட பேரு "சாவி ஷூக்குள்ள"ன்னு இருக்கு. மேப்புல, எல்லாரும் பாக்குற மாதிரி. காலக்கா அப்படிச் சிரிச்சாங்க, ஜோடிக்காரி என்னமோன்னு பயந்துட்டா. பதிலுக்கு நாலாவது ஊருக்கு "பாத்துட்டேன்"னு பேரு வச்சாங்க. அதுல இருந்து அதுதான் வழக்கம். "கேஸ் வந்துருச்சு." "குழாய் ஒழுகுது." "மக பேசுனா, நல்லாருக்கா." "கோவமா?" ஒரு தடவை ஒரு ஊரு ஒரு வாரம் பூரா "மன்னிச்சுரு"ன்னே இருந்துச்சு. என்ன தப்புன்னு கூட்டணியில இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சுக்க ஆசை. யாரும் கேக்கல, மரியாதைக்கு.

இப்ப அடிக்கு வருவோம்.

ஒரு பலமான ஊரை உடைக்கணும்னா ஒரு அடி, அதாவது ஒரு படை, பத்தாது. நாலு அடி வேணும். முதல் அடி காவல் படையைச் சாய்க்கும், அடுத்த மூணும் மதிலை இடிக்கும். நாலும் ஒண்ணு பின்னால ஒண்ணா ஒட்டிக்கிட்டு விழணும். நடுவுல சந்து விட்டா எதிராளி அந்தச் சந்துல தன் ஆளுங்களை எறக்கிருவான், உங்க ஆளுங்க அங்கயே காலி. நாலையும் ஒரே ஊர்ல இருந்து ஒண்ணா அனுப்புனா ஒண்ணாத்தான் போய்ச் சேரும். ஆனா ஒண்ணா அனுப்புறது எப்படி? ஒரு போன்ல நாலு ஜன்னல் தெறந்து வச்சு, ஒண்ணை அமுக்கி, அடுத்ததுக்குத் தாவி, அமுக்கி, தாவி... எவ்வளவு வேகமான கையா இருந்தாலும் ரெண்டு மூணு வினாடி ஓடிப்போகும். காலக்கா கை அந்த ரெண்டு மூணுல அடங்கும். கூட்டணியிலயே அதுதான் நல்ல கை.

வீட்டுக்காரர் கை? அதைப் பத்திப் பேசாம இருக்குறது நல்லது. முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவுல ஒரு குளியலே போட்டு வரலாம். "நீங்க அடிக்கிறது பஸ் போனப்புறம் கை காட்டுற மாதிரி இருக்கு"ன்னு காலக்கா ஒரு தடவை சொன்னாங்க. பேச்சுல சொல்லியிருந்தா போயிருக்கும். ஊருக்குப் பேரா வச்சுட்டாங்க. மேப்பு பூரா பாத்துச்சு. அவரு அந்த வாரம் குழாயைப் பத்திக்கூட எழுதல.

கை வேகம் போதாதவங்க சிலபேரு ஸ்கிரிப்ட்டுன்னு ஒண்ணு வச்சுப்பாங்க. மனுஷனுக்குப் பதிலா தானா அமுக்கிவிடுற குட்டி புரோகிராம். அதுல நாலு அடியும் ஒரே வினாடியில விழும். பச்சைத் திருட்டு. பிடிபட்டா கணக்கையே அழிச்சிருவாங்க. காலக்காவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. போன வருஷம் கூட்டணியில கொசுன்னு ஒருத்தர் இருந்தாரு. ரிட்டையர் ஆன பேங்க் கிளார்க்கு, தன்மையான மனுஷன். அவரு அடி ஒரு நாள் ஒரே வினாடியில விழுந்துச்சு. கேட்டதும் ஒத்துக்கிட்டாரு. "விரல் நடுங்குதும்மா. அதுக்குத்தான் வச்சேன்"னாரு. கூட்டணித் தலைவர் விட்டுரலாம்னு பாத்தாரு. காலக்கா விடல. "சார், உங்களைப் பாத்தா எனக்குப் பாவமாத்தான் இருக்கு. ஆனா சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு"ன்னு எழுதி, கூட்டணியை விட்டு வெளிய அனுப்ப வச்சாங்க. அவரும் சண்டை போடாம போயிட்டாரு. மேப்போட ஒரு மூலையில ஒத்தை ஊரை வச்சுக்கிட்டு இருந்தாரு.

அப்படி இருக்குறப்பதான் ஒரு நாள் காலையில தாடியோட கோட்டை விழுந்துச்சு.

தாடின்றது எதிர்க் கூட்டணித் தலைவன் வச்சுக்கிட்ட பேரு. அவன் கோட்டையை ஒரு வருஷமா யாராலயும் அசைக்க முடியல. காலக்கா சமையலை முடிச்சுட்டு போனைத் தெறந்தா, கூட்டணி அரட்டையில ஒரே வாழ்த்து. "காலக்கா, கையைக் காட்டுங்க, கும்புட்டுக்குறோம்." அவங்களுக்கு ஒண்ணும் புரியல. அந்தச் சண்டையோட ரிப்போர்ட்டைத் தெறந்தாங்க. அடிச்சது உடைஞ்சகால். நாலு அடி. நாலும் ஒரே வினாடி.

அவங்க அனுப்பல. அப்ப அவருதான் அனுப்பியிருக்கணும். அவரா? குளியல் போட்டு வர்ற கையா?

வாழ்த்து கொஞ்ச நேரந்தான் ஓடுச்சு. தாடி அந்த ரிப்போர்ட்டை எல்லாரும் பாக்குற பொது அரட்டையில போட்டான். "மனுஷக் கையில இது ஆகாது. இவங்க ஊர்ப் பேரு தெனம் மாறுது, அதெல்லாம் ஸ்கிரிப்ட்டுக்குக் குடுக்குற சங்கேதம். என் கோட்டை விழுறதுக்கு முந்தின நாள் 'குழாய் ஒழுகுது'ன்னு வச்சிருந்தாங்க. நிர்வாகத்துக்கு எழுதப் போறேன்"னான். குழாய் நெசமாவே ஒழுகுதுன்னு யாரு போய்ச் சொல்றது?

கூட்டணித் தலைவர் ஒரு பல் டாக்டர். விளையாட்டுல பேரு கடவாப்பல்லு. நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவுலதான் எழுதுவாரு. "அக்கா, ஒருத்தர் வாயைத் தெறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, சுருக்கமாக் கேக்குறேன். ஸ்கிரிப்ட்டா?"

"நான் தொடல டாக்டர்."

"உங்க கணக்குதானே அக்கா?"

"என் கணக்குதான். விசாரிச்சுச் சொல்றேன்."

"யாரை விசாரிப்பீங்க, உங்களையேவா?"

கணக்குல ரெண்டு பேருன்னு கூட்டணி யூகிச்சிருக்கலாம், இவங்க வாய்விட்டுச் சொன்னதே இல்ல. டாக்டர் சொன்னாரு: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் குடுங்க. இல்லன்னா நானே வெளிய எடுக்க வேண்டியிருக்கும். கூட்டணிப் பேரு கெடுது." பொது அரட்டையில, தாடி எழுதுனதுக்குக் கீழ, கொசு ஒரே ஒரு வரி போட்டிருந்தாரு. "சாப்பிட்டீங்களாம்மா?" அவ்வளவுதான். குத்திக் காட்டியிருந்தாக்கூட தாங்கியிருக்கலாம்.

அன்னைக்கு லாண்டரியில மூணு விரிப்பு கோணிக்கிட்டுப் போச்சு. ஜோடிக்காரி ரோலரை நிறுத்திட்டு, "என்னடி, வீட்டுல ஏதாச்சுமா?"ன்னு கேட்டா.

"அவரு திருடுனாரான்னு தெரியல."

"அய்யோ, குடோன்லயா?"

"போன்ல."

ஜோடிக்காரி ஒரு பெருமூச்சு விட்டா. "போன்லதானா? நான் பயந்தே போயிட்டேன்"னு ரோலரைத் தட்டிவிட்டா. காலக்காவுக்கு அதான் கோவம். கூட்டணிக்குள்ள அவங்க ஒரு வார்த்தை சொன்னா வார்த்தை. வேற எந்த எடத்துல அப்படி? ஆஸ்பத்திரியில சூப்பர்வைசர் இவங்க பையைத் தெறந்து பாத்துத்தான் தெனம் வெளிய விடுவாரு. இவங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு பேருதான். ஏமாத்த மாட்டாங்கன்ற பேரு. அதை இந்த மனுஷன் வித்துட்டாரா?

எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கல. ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். டீ நேரத்துல ஊருக்குப் பேரு மாத்துனாங்க: "அந்த நாலு அடி?"

மறுநாள் பதில் வந்துச்சு: "நான்தான்."

"எப்படி?"

"எப்படி இருந்துச்சு?" அதுல ஒரு பெருமை வேற.

"ஸ்கிரிப்ட்டா?"

இதுக்குப் பதிலே வரல. ஊரு பேரு மாறாம அப்படியே நின்னுச்சு. மேப்புல இருந்த அத்தனை பேரும் அந்தக் குடும்பச் சண்டையை எட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. தாடியே பொது அரட்டையில, "பதில் சொல்லுங்கய்யா, பொம்பளை கேக்குதுல்ல"ன்னு எழுதிட்டான்.

வியாழக்கிழமை காலையில காலக்கா நேரா குடோனுக்கே கெளம்பிட்டாங்க. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அந்த வாசலை மிதிச்சது கால் உடைஞ்ச அன்னைக்குத்தான். இது ரெண்டாவது தடவை. வாட்ச்மேன் கேட்டாரு, "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" "இனிமேதான் ஆகணும்"னு உள்ள போனாங்க.

டீ நேரம். கூரை வரைக்கும் மூட்டை அடுக்கு. வெளிச்சத்துல தூசி பறக்குது. பாதி ஏத்துன லாரி ஒண்ணு பின்கதவைத் தெறந்து வச்சுக்கிட்டு நிக்குது. அது பின்னால நாலு பேரு ஒரு மூட்டையைச் சுத்தி குந்தியிருந்தாங்க. மேஸ்திரி, அவரு பக்கத்துல ஒல்லியா ஒருத்தர், குண்டா ஒருத்தர், நாலாவதா நம்ம வீட்டுக்காரர். மூட்டை மேல நாலு போனு. ஒண்ணுக்குக் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருக்கு, ஒண்ணு ரப்பர் பேண்டு போட்டு நிக்குது. நாலு பேரும் ஆளுக்கு ஒரு விரலை போனுக்கு மேல தூக்கிப் பிடிச்சிருந்தாங்க. சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பாக்கப் போற மாதிரி.

மேஸ்திரி குரல் குடுத்தாரு. மூட்டை தூக்குறப்ப குடுக்குற அதே குரல். "பிடி..." நாலு தோளும் கொஞ்சம் எறங்குச்சு. "தூக்கு..." நாலு மூச்சும் நின்னுச்சு. "விடு."

நாலு விரலும் ஒண்ணா விழுந்துச்சு.

காலக்கா அடுக்கு மறைவுல அப்படியே நின்னுட்டாங்க. அவங்களுக்கு விளக்கம் வேண்டியிருக்கல. தெனம் ரோலர் முன்னாடி அவங்க பாக்குறதுதானே இது.

ஒல்லிதான் முதல்ல பாத்தாரு. "அண்ணி"ன்னு எந்திரிச்சாரு. வீட்டுக்காரரு திரும்புனாரு. சட்டுனு தன் போனைக் கையால பொத்துனாரு.

"ஒரு கணக்கை நாலு போன்லயா தெறந்து வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"இதான் உங்க ஸ்கிரிப்ட்டா?"

"இது ஸ்கிரிப்ட் இல்லம்மா. இது மேஸ்திரி."

மேஸ்திரி தொண்டையைக் கனைச்சாரு. "தங்கச்சி, தப்பா நெனைக்காத. இவன் ஒரு மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சான். என்னடான்னா, பஸ் போனப்புறம் கை காட்டுறவன்னு பொண்டாட்டி ஊரறிய எழுதிட்டான்னான். நாலு பேரு சேந்தா லாரியே நகருது, ஒரு பட்டன் அமுங்காதான்னு நான்தான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? நான் மூணு நாளா கேக்குறேன்ல?"

வீட்டுக்காரரு பாதத்தைப் பாத்துக்கிட்டே பேசுனாரு. உடைஞ்ச பாதத்தை. "நீ ஒத்தக் கையில பண்றதை நான் பண்ண நாலு ஆள் வேண்டியிருக்கேன்னு... எப்படிச் சொல்றது? அதுவும் ஊர்ப் பேருல?"

காலக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்குனாங்க. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு. "நாலு அடியில மூணு சரியா விழுந்திருக்கு. நாலாவது அடி மட்டும் மதிலை விட்டுட்டு கிடங்கைப் போய் இடிச்சிருக்கு. யாரு அது?"

மூணு பேரும் குண்டா இருந்தவரைப் பாத்தாங்க. அவரு டீ கிளாஸுக்குள்ள பேசுற மாதிரி சொன்னாரு. "குடோன்னு எழுதியிருந்துச்சு அண்ணி. ஒரு குடோனையாச்சும் இடிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

அதுக்கு மேல யாராலயும் அடக்க முடியல. காலக்கா மூட்டை மேலயே உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. மேஸ்திரி அவங்களுக்கு ஒரு டீ சொன்னாரு.

டீ குடிச்சு முடிச்சதும் முகம் மாறிருச்சு. "திருட்டு இல்ல, சரி. ஆனா தப்புதான். ஒரு கணக்குக்கு ஒரு ஆளு. நீங்க நாலு."

"நாம ரெண்டு பேரு ஆடுறமே, அது?"ன்னு கேட்டாரு வீட்டுக்காரர். குத்தமாக் கேக்கல, சும்மாதான் கேட்டாரு.

காலக்கா மூட்டை முடிச்சைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு பேரு ஆடுறப்ப உறுத்தாத சட்டம், நாலு பேரு ஆனதும் எப்படி உறுத்துது? கொசுவை அனுப்புனப்ப அது ஏன் ஞாபகம் வரல? அவரு விரல் நடுங்குச்சு, புரோகிராமைக் கூப்பிட்டாரு. இவரு விரல் தாவல, மேஸ்திரியைக் கூப்பிட்டாரு. மேஸ்திரி பெட்டர்தான், சந்தேகமே இல்ல. அதுக்காக நாமளும் சுத்தம்னு சொல்லிற முடியுமா?

அன்னைக்கு மதியம் லாண்டரிக்குப் போற வழியில பஸ்ல உக்காந்தே பொது அரட்டையில எழுதுனாங்க. தாடி, கொசு, டாக்டர் எல்லாரும் பாக்குற எடத்துல. மறைக்காம, சுத்தி வளைக்காம எழுதுனாங்க. கணக்கை ஆரம்பத்துல இருந்து நானும் என் வீட்டுக்காரரும் சேந்துதான் ஆடுறோம். தாடி கோட்டையை அடிச்சது அவரும் அவரு கூட மூட்டை தூக்குற மூணு பேரும். நாலு போனு, ஒரு குரல். ஸ்கிரிப்ட் கிடையாது, ஆனா சட்டப்படி தப்பு. ஊரு பேரெல்லாம் வீட்டு விஷயம். குழாய் இன்னும் ஒழுகுது.

அப்புறம் தாடி எழுதுனான். "நாலு மூட்டை தூக்குறவங்களா என் கோட்டையை எறக்குனாங்க?"

"ஆமா தம்பி."

"நம்ப மாட்டேன். நாளைக்கு டீ நேரத்துல என் காலி ஊரு ஒண்ணு இருக்கு, அதை அடிக்கச் சொல்லுங்க. நான் பாக்குறேன்."

வெள்ளிக்கிழமை அடிச்சாங்க. படை போய்ச் சேர்ந்தப்ப மூணு அடி ஒரே வினாடியில விழுந்துச்சு. நாலாவது நல்லாத் தள்ளி, தனியா, ஊர் சுத்திப் பாக்க வந்த மாதிரி விழுந்துச்சு. என்னாச்சுன்னு டாக்டர் கேட்டாரு. காலக்கா விசாரிச்சுச் சொன்னாங்க: "மேஸ்திரி விடுன்னப்ப குண்டண்ணனுக்குத் தும்மல் வந்துருச்சாம்."

"மெஷின் தும்மாது"ன்னான் தாடி. "புகாரை நான் வாபஸ் வாங்கிக்குறேன். கோட்டையைத் திருப்பித் தருவீங்களா?"

"தர மாட்டோம்"னு கூட்டணியே சேந்து சொல்லுச்சு.

டாக்டருக்கு நிம்மதி. "முடிஞ்சுது அக்கா. நாலு பேரும் ஆளுக்கு ஒரு கணக்குத் தெறந்துக்கட்டும், நீங்க உங்க கணக்கை ஒத்தையா ஆடுங்க. யாரும் போக வேண்டாம். அடுத்த நோயாளி வந்துட்டாரு."

"நோயாளி இருக்கட்டும் டாக்டர்"னு காலக்கா எழுதுனாங்க. "கொசு சார் ஒத்துக்கிட்டப்ப நாம வெளிய அனுப்புனோம். இப்ப நானும் ஒத்துக்கிட்டேன். ஒண்ணு, அவரை உள்ள கூப்பிடுங்க. இல்ல, என்னை வெளிய அனுப்புங்க."

"அக்கா, அவரு வச்சது ஸ்கிரிப்ட். ரெண்டும் ஒண்ணாகுமா? உள்ள பாதிப் பேரு ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப நான் கெளம்புறேன்."

"அய்யோ, அக்கா"ன்னு அவரு எழுதி முடிக்கிறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. கூட்டணிக் கொடி இல்லாம, உடைஞ்சகாலோட ஊருங்க மேப்புல வெறும் சாம்பல் நெறமா நின்னுச்சு.

அப்புறம் நேரா கொசுவுக்கு எழுதுனாங்க. "சார், அன்னைக்கு நான் சொன்ன சட்டம் சரிதான். ஆனா எனக்கு அதைச் சொல்ற யோக்கியதை அப்ப இல்ல. தெரியாம பேசிட்டேன்."

அவரு பதில் மெதுவா வந்துச்சு. நடுங்குற விரல், எழுத நேரமாகும். "பரவால்லம்மா. ஒத்த ஊரு போரடிக்குது. ஆள் சேக்குறீங்களா?"

"விரல் எப்படி இருக்கு?"

"விரல் அப்படியேதான். குரல் நல்லாருக்கு. முப்பது வருஷம் கவுண்டர்ல டோக்கன் நம்பர் கத்துன குரல்."

அப்படித்தான் அந்தப் புதுக் கூட்டணி உண்டாச்சு. பேரு "பிடி தூக்கு விடு". ஆளு மொத்தம் ஆறு. மூட்டை தூக்குறவங்க நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு கணக்கு, காலக்காவுக்கு ஒண்ணு, கொசுவுக்கு ஒண்ணு. ஆளுக்கு ஒரு ஊர்ல இருந்து ஆளுக்கு ஒரு அடி, எல்லாம் சட்டப்படி. மேஸ்திரி மூட்டை தூக்குறப்ப மட்டும் குரல் குடுத்தாப் போதும். விளையாட்டுல குரல் கொசுவோடது. டீ நேரத்துல எல்லாரையும் ஒரே போன் கால்ல சேத்துக்கிட்டு, வீட்டுல இருந்தபடியே, கவுண்டர்ல கத்துன அதே தோரணையில கத்துவாரு. பிடி. தூக்கு. விடு. ஒவ்வொரு ஊருக்கும் தூரம் வேற வேறங்கிறதால முதல் ரெண்டு வாரம் அடி எல்லாம் கண்ட எடத்துல கண்ட நேரத்துல விழுந்துச்சு. ஊரை எல்லாம் ஒரே தூரத்துல பாத்து அமைச்சப்புறம் ஒரு மாதிரி ஒழுங்காச்சு. டாக்டர் தனியா ஒரு வரி எழுதுனாரு: "எங்களை மட்டும் அடிச்சிராதீங்க அக்கா. பல்லு ஓசியில பாத்துத் தர்றேன்."

வீட்டுக்காரரு தன் புதுக் கணக்குக்கு வச்ச பேரு "ஒட்டுனகால்". அவரு ஊரு காலக்கா ஊருக்கு ஒட்டினாப்பல, அடுத்த கட்டத்துல. சேதி எழுதுற வழக்கம் நிக்கல. முன்ன ஒரே கணக்குக்குள்ள எழுதிக்கிட்டாங்க, இப்ப வேலி மேல எட்டிப் பாத்துப் பேசிக்குற மாதிரி எழுதிக்குறாங்க.

இதுல ஒரு தொல்லை வந்துச்சு. வேலை முடிஞ்சும் அந்த நாலு பேரும் வீட்டுக்குப் போறதில்ல. லாரி பின்னாடி குந்திக்கிட்டு மதில் கட்டிக்கிட்டு இருக்காங்க. காலக்காவுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாள் சாயங்காலம்தான் ரெண்டு பேரும் முழிச்சிருக்குறப்ப ஒரே வீட்டுல இருக்குற சாயங்காலம். அன்னைக்கு அவரு சீக்கிரம் வரணும். வரல.

காலக்கா குக்கரை எறக்கி வச்சாங்க. கையைத் துடைச்சாங்க. போனைத் தெறந்து, தன் ஊருல இருந்து ஒட்டுனகால் ஊருக்கு ஒரே ஒரு சிப்பாயை அனுப்புனாங்க. ஒத்த ஆளு. அடுத்த கட்டந்தானே, போய்ச் சேரக் கொஞ்ச நேரந்தான். கூடவே தன் ஊருக்குப் பேரும் மாத்துனாங்க: "வாஷர்".

குடோன்ல அவரு போனு செகப்பா அலறுச்சு. படை வருது. நாலு பேரும் பதறி எந்திரிச்சாங்க. மேஸ்திரிதான் முதல்ல பேரைப் படிச்சாரு. "டேய், இது படை இல்லடா. உன் வீடு. குழாய்க்குள்ள போடுற ரப்பர் வாஷர் வாங்கிட்டு ஓடு."

அந்தச் சிப்பாய் போய்ச் சேர்ந்த நேரம் ஒட்டுனகாலோட ஊரு பேரு மாறியிருந்துச்சு. "வாங்கியாச்சு. பஸ்ல இருக்கேன். போறதுக்கு முன்னாடியே கை காட்டிட்டேன்."

காலக்கா அதை ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் ஸ்பேனரைத் தேடி எடுத்து வச்சாங்க.

தாடிக்குத்தான் பாவம், அன்னைக்குப் பூரா நிம்மதி இல்ல. வாஷர்னா என்ன சங்கேதம்னு யாரும் அவனுக்குச் சொல்லல. இருந்த படையை எல்லாம் உள்ள இழுத்து மதில் மேல நிறுத்தி வச்சுக்கிட்டு, விடிய விடியக் காத்துக் கெடந்தானாம். இங்க குழாய் ஒழுகுறது ஒருவழியா நின்னுச்சு.